தலையணைப் பஞ்சு

அப்பாவும் சித்தப்பாவும் மதுரையில் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தார்கள். ஷிப்டு முடிந்து வரும்போது இருவர் தலையும் நரைத்திருக்கும். புருவத்திலும் காது மடலிலும்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலில் நிறுத்தி, அம்மா துண்டால் தட்டிவிட்ட பிறகுதான் வீட்டுக்குள் வர முடியும். அப்படியும் சோற்றில் ஓர் இழை கிடக்கும்.

ஒரு வருஷம் நஷ்டம் என்று சொல்லி முதலாளி மில்லை மூடினார். மூடின மில்லுக்காரன் என்று சித்தப்பாவை இரண்டு பெண்வீட்டார் தட்டிக்கழித்தார்கள். பிறகு சர்க்கார் மில்லை எடுத்துக்கொண்டது. தெருவே மிட்டாய் தின்றது. "இனிமே நான் கவர்மெண்டு மாப்ளண்ணே" என்று சித்தப்பா மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

அதன்பின் அப்பா சட்டை கசங்காமல் திரும்பி வரத் தொடங்கினார். தலை கறுப்பாகவே இருந்தது. அம்மா துண்டோடு வாசலுக்கு வந்து, பார்த்துவிட்டு, உள்ளே போய்விடுவார். பஞ்சு வாங்க மேலிடத்து உத்தரவு வரவில்லை என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது எட்டவில்லை. வகுப்பில் வாய் திறக்காத நான், சர்க்கார் மில் எவ்வளவு சுத்தம் என்று பக்கத்துப் பெண்ணிடம் பெருமை சொன்னேன்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். மில் ஓடவில்லை என்று தெரிந்தால் இந்த இடமும் கைவிட்டுப் போகும். அவர் முன்னறையில் உட்கார்ந்திருக்க, ஷிப்டு முடிந்த சித்தப்பா கொல்லைப்புறமாக நுழைந்தார். என் தலையணையைப் பிரித்துத் தலையிலும் புருவத்திலும் பஞ்சைத் தூவிக்கொண்டார்.

"வேணாம்டா" என்றார், முன்னறையிலிருந்து எழுந்து வந்த அப்பா.

"சும்மா இருண்ணே. மில்லுக்காரன்னா தலையிலதான தெரியணும்."

சுற்றிப் போய் வாசல் வழியாக வந்தார். அம்மாவும் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

"இரு தாயி" என்று பெண்ணின் தகப்பனார் எழுந்தார். "வேலை ரொம்பவோ மாப்ள?"

"மூச்சுவிட நேரமில்ல மாமா."

அவர் கரிசலில் பருத்தி போடுகிறவர். சித்தப்பாவின் காதோரத்திலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து விரல்களுக்கிடையே திரித்தார். திரியவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

"இலவம்பஞ்சுல எப்பருந்து மாப்ள நூல் நூக்கிறாக?"

அப்பாதான் பேசினார். "பஞ்சு இல்ல மாமா. தீவாளியிலருந்து சும்மா மெஷினத் தொடச்சுப்புட்டு வாரோம்."

"சம்பளம்?"

"அது வந்துருது."

"வேலை இல்லாமயா?" அவர் சிரித்தார். "அப்பறம் என்ன? எனக்கு வானம் பேஞ்சாத்தான் சோறு. எம் மகளாச்சும் பேயாத வருசத்துலயும் சாப்பிடட்டும். தட்ட மாத்திக்கிருவோம்."

வீடு கலகலப்பானது. அம்மா கேசரி கிளறினார். சித்தப்பா தலைகூடத் துடைக்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தக் கல்யாணம் நடந்தது; சித்தி வந்தார். மில் ஓடுவதும் நிற்பதுமாகக் கிடந்து, நான் பெரியவளான பிறகு ஒருநாள் நிரந்தரமாக மூடப்பட்டது.

சம்பந்தம் முடிவான அன்று அப்பா மட்டும் கேசரி சாப்பிட வரவில்லை. கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிதறிய பஞ்சைப் பொறுக்கி என் தலையணையில் அடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் மிஞ்சிய ஒரு துளியை விரலில் வைத்து நூலாகத் திரித்துப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி திரித்தார். சீக்கிரம் தைத்துக் கொடுத்தால் நான் தூங்கலாமே, இந்நேரத்தில் இவருக்கு என்ன விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.