கட்டில்லாத கிணறு

தீவுப்பகுதியில் பற்றைக்காடு எரிந்தால், அணைக்கப் போகிறவனைக் கொல்ல நெருப்புத்தான் வேண்டும் என்றில்லை. கனடாவில் இருப்பவர்களின் கிணறே போதும். சொந்தக்காரர் போய் முப்பது வருடமாகியிருக்கும். வீடு இடிந்து, கிணற்றுக்கட்டும் விழுந்து, அதன் வாயைப் பற்றை மூடியிருக்கும். வாசலில் மட்டும் பொன்னிறப் பூச்சோடு புதுக் கேற் நிற்கும். அதற்கு ஒரு பூட்டு வேறு.

நான் எட்டாம் வகுப்போடு வெளிக்கிட்டவன். வவுனியாவில் அரிசி ஆலை, கொழும்பில் சாப்பாட்டுக் கடை என்று திரிந்துவிட்டு, எல்லாம் காய்ந்து கிடக்கும் அந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் தீவில் சரவணை என்ற ஊரில் வீடு கட்டும் ஒரு மேசனுக்குக் கையாளாக நின்றேன். ஒருநாள் மத்தியானம் நாங்கள் வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கனடாக்காரரின் வளவு பற்றிக்கொண்டது. யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு. தீயணைப்பு வண்டி பட்டணத்திலிருந்து பாலம் கடந்து வரவேண்டும். அதுவரைக்கும் மேசன், நான், சந்திக் கடைக்காரர் ஆகிய மூவரும்தான் படை. ஆயுதம் பூவரசங்கொப்பு, சீருடை இடுப்பில் கட்டிய சாரம். காலில் கிடந்த றப்பர் செருப்பு சூட்டில் இளகிக் குதியில் ஒட்டியது. எரிகிற பனையோலைகள் காற்றில் எழும்பித் தலைக்கு மேலால் போயின. அவையாவது கண்ணுக்குத் தெரிந்தன.

மேசன் மதிலேறி உள்ளே குதித்து, கொப்பால் நெருப்பை அடித்து அடித்துப் பின்பக்கமாக நடந்தார். நெருப்புக்கு முதுகைக் காட்ட முடியாது. அவர் இடுப்பளவு பற்றைக்குள் போனபோதுதான் இந்த ஊரில் கிணறில்லாத வளவே இல்லை என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

"அண்ணை, நில்லுங்கோ. உந்த வளவுக்க கிணறு இருக்கு."

"எங்க?"

எனக்குத் தெரியாது. கடைக்காரரும் வெளியூரிலிருந்து வந்து கடை போட்டவர். ஆனால் கேற்றைப் பார்த்துக்கொள்ளும்படி சொந்தக்காரர் தன் நம்பரை அவரிடம் கொடுத்து வைத்திருந்தார். போனில் முகம் தெரிய வீடியோவில் கூப்பிட்டார். அங்கே நடுச்சாமம். போர்வைக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது.

"அண்ணை, வளவு எரியுது. உங்கட கிணறு எந்தப் பக்கம்?"

"கேற்றுக்கு ஒண்டும் ஆகேல்லையே?"

"கேற் நிக்குது. கிணறு எங்க?"

"அம்மா வச்ச கறுத்தக்கொழும்பான் மாமரம் நிக்குதோ?"

"அண்ணை, உள்ள ஒரு ஆள் நிக்கிறார்."

"ஆரைக் கேட்டு உள்ள போனவர்?"

உள்ளேயிருந்து மேசன் கத்தினார். "என்னை நிக்கச் சொல்லிப்போட்டு நீங்கள் கதைச்சுக்கொண்டிருங்கோ. இது நிக்குமோ?"

நெருப்பு அவரை நெருங்கியது. பின்னுக்கு வைக்கும் எந்த அடியும் கிணற்றுக்குள் போகலாம். போனில் அந்த மனிதர் வேம்புக்குக் கிட்ட என்றார், இல்லை, கொட்டிலுக்குப் பின்னால் என்றார், பிறகு தான் வெளிக்கிடும்போது ஏழு வயது என்றார். வேம்பு மூன்று நின்றது. கொட்டில் இல்லவே இல்லை.

மேசன் அதற்கு மேல் கேட்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டி, கையால் முகத்தை மூடிக்கொண்டு, நெருப்புத் தணிவாக இருந்த இடம் பார்த்து முன்னுக்குப் பாய்ந்தார். ஏற்கெனவே எரிந்து முடிந்த கரி நிலத்தில் போய் விழுந்தார். அங்கே எரிய ஒன்றும் இல்லை, கிணறு ஒளிந்திருக்கவும் இடமில்லை. கால் இரண்டும் வெந்து தோல் உரிந்தது.

அவர் நின்ற பற்றையும் எரிந்து அடங்கியபோது கிணறு தெரிந்தது. அவருடைய குதிக்குப் பின்னால் ஒரு எட்டுத்தான் இருந்திருக்கும். கடைக்காரர் கையிலிருந்த போன் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தது.

"ஓம், உதுதான் எங்கட கிணறு. வடிவாக் காட்டும், மனுசிக்குக் காட்டோணும்."

மேசன் கரிக்குள் இருந்தபடியே போனைப் பார்த்து, "தம்பி, நேர வந்து எட்டிப் பாரும். நான் பின்னால நிக்கிறன்," என்றார்.

அவரை ஓட்டோவில் ஏற்றி ஆசுபத்திரிக்கு அனுப்பிவிட்டு, பாதி எரிந்து விழுந்த பனங்குற்றி ஒன்றை நானும் கடைக்காரரும் இழுத்துவந்து கிணற்று வாய்க்குக் குறுக்கே போட்டோம். அடுத்த கிழமை கனடாவிலிருந்து கடைக்காரருக்குச் செய்தி வந்தது. திருவிழாவுக்குக் குடும்பமாக வருகிறார்களாம், கேற்றடியில் படம் எடுக்கும்போது அந்தக் குற்றி அசிங்கமாகத் தெரியுமாம், எடுத்துவிடட்டாம்.

நாங்கள் எடுக்கவில்லை. இன்னொரு குற்றியும் போட்டோம்.