சோதனைக்குக் கொடுத்த தண்ணீர்

எங்கள் பக்கத்தில் தண்ணீரை நாக்கில் வைத்துத்தான் சோதிப்பார்கள். புதுக் கிணறு வெட்டினால் முதல் வாளி மேலே வந்ததும் வீட்டுக்காரர் ஒரு கை அள்ளி வாயில் விடுவார். சுற்றி நிற்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் சுளித்தால் அது குளிக்க, துவைக்க. சுளிக்காவிட்டால் குடிக்க. இதைத் தவிர வேறு சோதனை உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சாக்குக்காக இதைச் சொல்லவில்லை. இதையும் சொன்னால்தான் நடந்தது விளங்கும்.

உடன்குடிக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வீட்டுக் கிணறுதான் தெருவுக்கே கிணறு. நான் கலியாணமாகி வந்த புதிதில் அந்தத் தண்ணீரில் பருப்பு வெந்தது. பிறகு, எழுபதுகளின் தொடக்கத்தில், மழை சரியாக இல்லாத வருஷங்கள் வந்தன. மேற்கே தோட்டங்களில் மோட்டார் வைத்து இறைக்கவும் ஆரம்பித்தார்கள். தண்ணீர் வரவர உப்பேறிச் சவர்ப்பானது. எவ்வளவு விறகு வைத்தாலும் துவரம்பருப்பு கல்லாகக் கிடக்கும். சோறு பழுப்பாக இருக்கும். தேயிலைத் தண்ணீரில் பாலை ஊற்றினால் திரிந்துபோகும். சோப்பு நுரைக்காது.

குடிக்க வண்டித் தண்ணீர்தான். செம்மணல் தேரிப் பக்கத்து ஊற்றிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்து விடியும்போது கொண்டுவருவார்கள். குடத்துக்கு இவ்வளவு பைசா என்று விலை. கோடை வந்தால் ஏறும். என் வீட்டுக்காரருக்குச் சின்னதாகக் கருப்பட்டிக் கடை இருந்ததால் எங்களால் தினம் இரண்டு குடம் வாங்க முடிந்தது. எதிர்வீட்டுக்காரியால் முடியாது. என்னைவிட இளையவள். புருஷன் உப்பளத்தில் கூலி, மூன்று பிள்ளைகள். இரண்டு நாளைக்கு ஒரு குடம் வாங்குவாள். அதில் கைக்குழந்தைக்கு மட்டும்தான் பங்கு. மற்ற இரண்டும் என் கிணற்றைக் குடித்தே வளர்ந்தன. அவற்றுக்கு வயிறு சரியாக இருந்த நாளை நான் பார்த்ததில்லை. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரப்போகிறது என்று வருஷக்கணக்காகப் பேச்சு உண்டு. அந்தப் பேச்சை அவளைப்போல நம்பினவர்கள் எங்கள் தெருவில் இல்லை.

வாங்குகிற தண்ணீரில் ஒரு சின்ன மண்பானை நிறைய நான் தனியே எடுத்து வைப்பேன். அது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு. வேதக்கோயில் பாதிரி ஐயர் வந்தாலும் சரி, கருப்பட்டி வியாபாரி வந்தாலும் சரி, வந்தவர் வாயில் சவர்த் தண்ணீர் படக் கூடாது. காலையில் ஜெபம் முடித்து எழுந்ததும் அந்தப் பானை நிறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் ஜீப் வந்தது. தூத்துக்குடி சர்க்கார் ஆபீசிலிருந்து ஓர் இளவயது அதிகாரி. கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்கிறார்களாம். எங்கள் ஊருக்கு எங்கள் கிணற்றைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். முதல் பாட்டிலை அவரே வாளி போட்டுப் பிடித்தார். பிறகு ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கண்ணாடி மூடி போட்ட வெள்ளைப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் ஒட்டியிருந்தன.

"மாசாமாசம் முதல் தேதி காலையில ஒரு பாட்டில் பிடிச்சு வைங்கம்மா. அதே தண்ணியால மூணு தடவை அலசணும். காத்துக் குமிழி இல்லாம நிரப்பி மூடணும். நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

"அங்கன கொண்டு போயி என்ன செய்வீய?"

"சோதிப்போம்மா."

"யாரு சோதிப்பாவ?"

"நான் சோதிப்பேன். எனக்கு மேல இருக்கறவரும் பார்ப்பார்."

அவ்வளவுதான் பேச்சு. போகும்போது தண்ணீர் கேட்டார். பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். "நல்லாத்தானேம்மா இருக்கு தண்ணி" என்று செம்பைத் திருப்பித் தந்தார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அது வண்டித் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. வீட்டைப் புகழும்போது யார் இடையில் மறித்துப் பேசுவார்கள்?

அடுத்த முதல் தேதி கிணற்றில் இறைத்தேன். வாளியில் தண்ணீரின் மேலே ஒரு மங்கல் படிந்து நின்றது. இதையா அந்தப் பிள்ளை வாயில் விடப்போகிறது, அவருக்கு மேலே உள்ள பெரிய மனுஷரும் விடப்போகிறாரா என்று நினைத்தேன். பாட்டிலில் எங்கள் பெயர் வேறு ஒட்டியிருக்கிறது. வாளியைக் கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். பானைத் தண்ணீரை எடுத்துப் பாட்டிலை அலசத் தொடங்கினேன். அந்த நேரம் எதிர்வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னக்கா, பாட்டிலுக்கு விருந்தா?"

"ஏளா, இது ஆபீசருக்குப் போற தண்ணி. அவிய வாயில இந்தச் சவர் தண்ணியையா ஊத்தச் சொல்லுத?"

"எங்க வாயில ஊத்தலாம், அவிய வாயில ஊத்தக் கூடாது. நல்லாருக்கு உங்க ஞாயம்!" என்று சிரித்தாள். "அலசுன தண்ணியக் கீழ கொட்டிராதிய. இங்கன ஊத்துங்க."

ஒரு தம்ளரை நீட்டினாள். மூன்று தடவை அலசின தண்ணீரையும் அதில் ஊற்றினேன். பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டே போனாள்.

நான் பாட்டிலை நிரப்பி மூடினேன். அதன்மேல் கை வைத்து, "ஆண்டவரே, இந்தத் தண்ணீரில் ஒரு குற்றமும் காணப்படாதிருக்கட்டும்" என்று ஜெபித்தேன். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர், அதைக் கொடுப்பது காணிக்கை மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். முழுக்க அன்பினால்தான் அப்படிச் செய்தேன் என்று இப்போது சொல்ல எனக்கு நாவு எழவில்லை. நாங்கள் நல்ல வீடு என்று யாரோ ஒரு பெரிய ஆபீசர் நினைக்க வேண்டும் என்ற பெருமையும் அதில் பாதிக்குப் பாதி இருந்தது. இப்படிப் பதினோரு மாசம் நிரப்பினேன். பதினோரு தடவை ஜெபித்தேன்.

அவர் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தார். ஒரு தடவை எதிர்வீட்டுக்காரி தெருவில் ஜீப்பை மறித்தாள்.

"சார், இந்தத் தண்ணியக் குடிச்சிட்டுத்தான் எம் பிள்ளையளுக்கு வயித்தால போவுது. நீங்க வாயில வச்சிப் பாருங்க!"

"பார்த்தேம்மா. மாசாமாசம் குடிச்சுட்டுத்தான் போறேன்" என்று அவர் சிரித்தார். "எல்லா ஊர்லயும் இதத்தான் சொல்றாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோழியை விரட்டுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். அப்போதும் எனக்கு விஷயம் விளங்கவில்லை. அவள் ஒரு மரியாதை இல்லாமல் பேசுகிறாள் என்றுதான் கூச்சமாக இருந்தது.

வருஷம் முடிந்து அவர் கடைசியாக வந்தபோது என் வீட்டுக்காரரும் இருந்தார். அதிகாரி ஒரு கட்டம் போட்ட தாளை விரித்தார். அதில் ஒரு கோடு உயரத்தில் ஆரம்பித்து, சடாரென்று இறங்கி, பிறகு கீழேயே நேராகப் போயிருந்தது.

"முதல் பாட்டில்ல உப்பு ரொம்ப அதிகம்மா. அப்புறம் பாருங்க, குறைஞ்சே போச்சு. மழை நல்லா பெஞ்சதுல உங்க கிணறு தேறிடுச்சு. நான் பார்த்த எந்த ஊர்லயும் இப்படி இல்ல. நல்ல சேதி."

"ஸ்தோத்திரம்" என்றேன்.

"குழாய் போட இருக்கற பணம் கொஞ்சம்தான். அதனால மோசமான ஊருக்கு முதல்ல குடுக்கச் சொல்லி எழுதியிருக்கேன். உங்க ஊருக்கு இப்போதைக்கு அவசியம் இல்ல. பக்கத்து ஊருக்குப் போகும்."

பாட்டிலுக்கும் குழாய்க்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றுதான் என் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரரிடம் ஆரம்பத்திலேயே கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பொம்பளைக்கு எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நான் பானையில் மொண்டதை வீட்டில் ஆம்பளைக்கு எதற்கு என்று நானும் சொல்லவில்லை.

அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். அதிகாரி செம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பரீட்சையில் பிள்ளை ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் காலிச் செம்பை வாங்கிக்கொண்டேன். ஜீப் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு போட்டுக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னேன். கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார்.

"பதினோரு மாசமுமா?"

"ஆமா."

"கிறுக்கு பிடிச்சவளே!" என்றார். பிறகு வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வெளிய மூச்சு விட்டுராத. நான் சபைக் கமிட்டில இருக்கேன். ஊரு மூஞ்சில துப்பிரும்" என்றார்.

"நான் தூத்துக்குடி போயி அந்த ஆபீசர்கிட்டயே சொல்லப்போறேன்."

"போறதுன்னா போ. நான் வரல."

மூன்று வாரம் தைரியம் வரவில்லை. பிறகு ஒரு நாள் ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கழுவி, கிணற்றுத் தண்ணீரால் மூன்று தடவை அலசி, குமிழி இல்லாமல் நிரப்பித் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ரோட்டைத் தாண்டவே எனக்கு வெகுநேரம் ஆனது. மடியில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் மாடிப்படி ஏறினேன்.

அந்த அதிகாரி அங்கே இல்லை. ஒரு வயதான கிளார்க் இருந்தார்.

"சார் மெட்ராசுக்கு மாறிப் போயி பத்து நாளாச்சே. ரிப்போர்ட்டும் போயாச்சு. நீங்க யாரு?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலைக் காட்டினார். அங்கே மருந்துப் பாட்டில், சர்பத் பாட்டில் என்று வரிசையாகத் தண்ணீர் நின்றது.

"அந்தா பாருங்க. எல்லாம் உங்கள மாதிரி ஆளுவ கொண்டாந்ததுதான். குழாய் வேணும்னு கடல் தண்ணிய மோந்துட்டு வந்து எங்க கிணத்துத் தண்ணிங்குதாவ."

"நான் அப்படி இல்லைய்யா. பதினோரு மாசம் பொய்த் தண்ணி குடுத்தேன். இதுதான் உண்மையான தண்ணி."

"பதினோரு மாசம் பொய்யக் குடுத்தவிய இன்னைக்கு உண்மையக் கொண்டாந்திருக்கேன்னா நான் எதை நம்பி எழுத?" குரலில் கடுமையே இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. "அடுத்தாப்புல ஆராய்ச்சி வரும்போது ஒழுங்காப் பிடிச்சுக் குடுங்க."

"அது எப்பய்யா வரும்?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா இந்த நாற்காலியில இருக்கேன்?"

என் பாட்டிலையும் எடுத்து அந்த வரிசையின் கடைசியில் வைத்தார். அதில் பெயர்கூட ஒட்டவில்லை.

கொஞ்ச நாளில் பக்கத்து ஊர் எல்லையில் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் ஊர் கொதித்தது. அந்த அதிகாரி பக்கத்து ஊர்க்காரர்களிடம் துட்டு வாங்கிக்கொண்டு எழுதிவிட்டான் என்று பேச்சு வந்தது. கோயில் வாசலில் பேசினார்கள், தண்ணீர் வண்டிக்கு நிற்கும்போது பேசினார்கள். ஒரு செம்புத் தண்ணீரைத் தவிர எங்கள் ஊரில் எதையும் வாங்காத பிள்ளை. நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் எதிர்வீட்டுக்காரி ஒரு தாளும் மைப்பெட்டியும் கொண்டு வந்தாள். அவன் துட்டு வாங்கினான், அவனை விசாரிக்க வேண்டும், எங்களுக்குக் குழாய் வேண்டும் என்று கலெக்டருக்கு மனு.

"எக்கா, ஒரு கையெழுத்துப் போடுங்க. அண்ணாச்சி கடையிலயே போட்டுட்டாவ."

பார்த்தேன். என் வீட்டுக்காரர் பெயர் மூன்றாவதாக இருந்தது. அவருடைய அழகான எழுத்து.

"ஏளா, உக்காரு" என்றேன். "அந்தப் பிள்ளை ஒரு துட்டும் வாங்கல. நான்தான் வருஷம் பூரா பானைத் தண்ணியப் பிடிச்சுக் குடுத்தேன். அதான் நம்ம தண்ணி நல்ல தண்ணின்னு எழுதிட்டாவ. நீதான் ஒரு நாள் பாத்தியே."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள்.

"பாத்தேன். அதுக்காவா குழாய் போச்சு? ஒரு பாட்டில் தண்ணியப் பாத்தா கெவர்மெண்டு குழாய் போடுது? துட்டப் பாத்துல்லா போடுது!"

"சத்தியமாச் சொல்லுதேன். தூத்துக்குடிக்கே போயிச் சொல்லிட்டு வந்தேன்."

"அப்ப ஆபீசுக்கெல்லாம் போயிட்டு வந்துருக்கிய." அவள் குரல் மாறிவிட்டது. "உங்க வீட்லதான அவன் மாசாமாசம் வந்து உக்காந்தான். கையெழுத்துப் போட மனசில்லன்னா நேராச் சொல்லுங்கக்கா. அதுக்கு ஏன் இப்படி ஒரு கத?"

தாளைச் சுருட்டிக்கொண்டு போனாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் பின்னால் போய் இன்னும் எதைச் சொல்ல? இருந்த உண்மை முழுவதையும் சொல்லித் தீர்த்தாகிவிட்டது. யாருக்கும் அது ஒன்றுக்கும் ஆகவில்லை. அன்று ஜெபத்தில் முழங்கால் போட்டபோது என்ன கேட்பது என்றே தெரியவில்லை. மன்னிப்பைக் கேட்டேன். தண்ணீரைக் கேட்க எனக்கு முகமில்லை.

மறுநாள் காலையில் அவள் குடத்தோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"ஏளா, இங்கன இறைச்சிட்டுப் போயேன்."

"வேண்டாம்க்கா" என்றாள் திரும்பாமலே. "உங்க கிணறு நல்ல கிணறு. கெவர்மெண்டே எழுதிருக்கு. எங்களுக்கு அது ஒத்துக்காது."

தெருக்கோடியில் யாரும் இறைக்காமல் கிடந்த கிணற்றுக்குத்தான் போனாள். அது எங்களுடையதைவிடச் சவர். பெரிய பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு செம்பு எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடின.