வெள்ளிக்கிழமைகளில் காலியாகும் மைதானம்

ஆம்பூரில் வீடு பார்க்கப் போனபோது, என் கணவர் தாம் மூங்கில் குச்சியிலும் காகிதத்திலும் செய்த சிறிய ஆகாய விமானத்தையும் கையோடு கொண்டுவந்தார். ரப்பரை முறுக்கிவிட்டால் அது பறக்கும். அதைப் பறக்கவிட இடமுள்ள வீடுதான் அவருக்கு வேண்டும். கிடைத்ததோ தோல் கிடங்கின் எதிரில். நடுவே தோல் காயப்போடும் மைதானம். அந்த நாற்றம் என் கைக்குழந்தைக்கு ஆகுமா என்று பயந்தேன்.

"உனக்குப் புடிக்கலன்னா வேற பாக்கலாம்" என்றார். முகம் மட்டும் வாடிவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. முதலாளி முஸ்லிம் என்பதால் கிடங்குக்கு விடுமுறை; மைதானம் காலியாக இருந்தது. ஆசைக்கு ஒருமுறை பறக்கவிட்டார். விமானம் மறுகோடிக்குப் போய், அங்கே தன் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் முறத்திலேயே இறங்கியது. குழந்தையோடு ஓடினேன்.

"இன்னாம்மா, உங்க ஊட்டுக்காரரு சின்னப் புள்ளையா?" என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

தயங்கித் தயங்கி நாற்றத்தைப் பற்றிக் கேட்டேன்.

"நாலு புள்ளைங்கள இங்கதான் வளத்தேன். யாருக்கும் மூக்கு கழண்டு வுழல. காத்து உங்க பக்கம் அடிச்சு நாத்தம் ஜாஸ்தியானா, கொயந்தைய தூக்கினு இங்க வந்துடு. கதவு தொறந்துதான் இருக்கும்."

கிடங்குக்கு எதிரில் பார்த்த வீட்டுக்கே குடிவந்தோம். நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. என் பயமும் முழுவதும் போகவில்லை. ஆனாலும் விமானத்தின் பின்னால் என் கணவர் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், என் பெயர்கூடக் கேட்காமல் தன் வீட்டுக்கு வரச் சொன்ன அந்த அம்மாளை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.