உப்பு மலையில் குண்டு அணில்

கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் குடில் போட்டி வைத்தால் முதல் பரிசு எதிர்வீட்டுக்குத்தான். அவர்கள் குடிலில் சீரியல் லைட்டோடு நீர்வீழ்ச்சியே ஓடும். எங்கள் குடிலில் காது உடைந்த ஒரே ஓர் ஆடு. நான்காவது படித்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வருஷம் நிலைமை மாறியது. அம்மா ஆரோவில்லில் ஒரு சுவிஸ் அம்மாள் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அவர் தம் நாட்டு மிருகங்களின் மரப் பொம்மைகளைக் குடிலுக்கென்று கொடுத்தனுப்பினார். வளைந்த கொம்புள்ள மலையாடு, ஒரு நரி, பின்னங்காலில் எழுந்து நிற்கும் கொழுத்த பிராணி ஒன்று. அதன் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் குண்டு அணில் என்று வைத்துக்கொண்டோம். அந்த அம்மாளுடையது கடலே இல்லாத நாடு என்று அம்மா சொன்னதும், உப்பளத்தில் வேலை செய்யும் பெரியப்பா வெகுநேரம் யோசித்தார்.

“அப்ப சோத்துக்கு உப்புக்கு இன்னா பண்ணுவாங்க?”

பாவம் என்று தோன்றியதோ என்னவோ, ஒரு மூட்டை உப்பைக் கொண்டுவந்து கொட்டிப் பனிமலையே கட்டிவிட்டார். உச்சியில் குண்டு அணிலை நிறுத்தினேன். குழந்தை இயேசுவைவிட அதுதான் முதலில் கண்ணில் படும். முதல் பரிசான எவர்சில்வர் குடம் எங்களுக்கே என்று முடிவுகட்டினேன்.

ஃபாதர் பார்வையிட வருவதற்குச் சற்று முன்னால் அந்த அம்மாள் வந்தார். மலையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, என் குண்டு அணிலை எடுத்து, உப்பைத் தோண்டி உள்ளே வைத்து மூடிவிட்டார்.

“பனி காலத்துல இது வெளிய வராதும்மா. தூங்கும்.”

எனக்கு அழுகை முட்டியது. தோண்டி எடுக்கலாமென்றால் அவர் கை உப்பை விட்டு நகரவில்லை. அதற்குள் ஃபாதர் வந்து, மலைமேல் ஏதோ விசேஷமாம், எங்கே என்று கேட்டார்.

“உள்ள தூங்குது ஃபாதர்” என்றார் பெரியப்பா.

எங்களுக்கு மூன்றாம் பரிசு. போட்டியில் இருந்ததே மூன்று வீடுதான்.

ஃபாதர் போன பிறகும் அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் கண்ணெல்லாம் தண்ணீர். உப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்துக் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டு ஓடினேன். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி உப்பில் கையை வைத்துக்கொண்டார். பெரியப்பாவின் கை உப்பில் வெடித்து எரிவதைத் தினமும் பார்ப்பவள் நான். கோபமெல்லாம் போய், இவருக்கும் எரியுமே என்று கவலை வந்துவிட்டது. கையை எடுக்கச் சொல்லேன் என்று அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அம்மா சொல்லவே இல்லை.