புரியாமல் சொன்ன ‘அச்சா’

குளிர்கால விடுமுறையில் அல் ஐன் பாலைவனத்துக்குப் போயிருந்தோம். முதலாளியின் டிரைவர் கான் பாய், குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டித்துக் கல் உரசிச் சுடும் பழைய துப்பாக்கியைக் கொடுத்து, இந்தியில் நிதானமாக ஏதோ விளக்கினார். இங்கே வேலைக்கு வந்த ஆறு வருடப் பழக்கத்தில், புரியாமலே “அச்சா, அச்சா” என்றேன், சரி சரி என்று.

விசையை இழுத்தேன். பொறி பறந்து புகைந்ததே தவிர வெடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ரூம்மேட் செல்வத்தின் பக்கம் துப்பாக்கியோடு திரும்பினேன். கான் பாய் ஓடிவந்து குழலை மேலே தட்டிவிட்டார். அப்போதுதான் வெடித்தது.

“வெடிக்கலன்னா திருப்பாதேன்னுதானடா அவ்வளவு நேரம் சொன்னாரு!” என்றான் செல்வம்.

கான் பாயின் கை கருகியிருந்தது. திட்டவில்லை. மறுபடியும் முதலிலிருந்து விளக்கிவிட்டு, “சம்ஜா?” என்றார், புரிந்ததா என்று.

அப்போதும் ‘அச்சா’தான் வாய்வரை வந்தது. கூசிப்போய் அதை விழுங்கிவிட்டு, “நஹி, பாய்” என்றேன்.