ஸ்கேனுக்குள் பெரட்டு

இன்று ஈப்போவில் அண்ணனுக்கு மூளை ஸ்கேன்! ஆட்டிசம் உள்ளவர்களின் மூளைக்குள் இணைப்புகள் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்கும் ஆய்வு.

"அங்கிள், எதையும் நெனைக்காம சும்மா படுத்திருங்க லா," என்றார் ஆய்வாளர்.

அண்ணன் இம்மிகூட அசையவில்லை!

வெளியே வந்ததும், "உள்ள என்னண்ணே செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"பெரட்டு எடுத்தேன்."

பெரட்டு என்றால் வேலைக்கு வந்தவர்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. 1978-இல், எங்கள் சிலிம் ரிவர் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் பெயர் கூப்பிட்ட அதே வரிசையை மனசுக்குள் ஓட்டியிருக்கிறார்! அப்போது ஊரே அவரை "ஒன்னும் புரியாத பிள்ளை" என்றது.

ஆய்வாளர் தலையில் கை வைத்தார். "ஐயோ அங்கிள், திரும்ப எடுக்கணும்லா!"

"அப்பா வந்திருந்தாராண்ணே?"

"திங்கக்கெழம மட்டம்."

ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை என்று சாகும்வரை பெருமையடித்தவர்!

எங்கள் தோட்டத்து ஆட்களே, உங்கள் அப்பா பெயரைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். என்றைக்கு மட்டம் என்று சொல்ல அண்ணன் தயார்.