நாலு மேசை மாப்பிள்ளை

கதவு கிறீச்சிட்டதும் மாப்பிள்ளையின் கைகள் கீபோர்டுக்குப் பாயும். இடது கையில் இரண்டு விரல், வலது கையில் ஒன்று. டக். திரையில் இருந்த சதுரங்கம் ஒளிந்துகொள்ளும். காலண்டர் பக்கம் வந்து நல்ல பிள்ளையாக நிற்கும். வந்தது முதலாளி இல்லை, மை டப்பாவோடு நான்தான் என்று தெரிந்தால் மறுபடி டக். குதிரை நகரும்.

என் தங்கை புருஷன். நான் மெஷின் ஓட்டும் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிறார். முதலாளியிடம் பல்லைக் காட்டிச் சேர்த்துவிட்டது நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த புண்ணியம் எனக்கு.

திரை ஒன்றுதான். அதற்குள் நாலு டெஸ்க்டாப் திறந்து வைத்திருக்கிறார். மூன்று கீயைச் சேர்த்து அமுக்கினால் ஒன்று மறைந்து இன்னொன்று வரும். "உங்களுக்கு ஒரு மேசைதானே மச்சான்? எனக்கு நாலு. ஒண்ணுல வேலை, ஒண்ணுல திருத்தம், ஒண்ணுல பாட்டு, நாலாவது பர்சனல். ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே ஒட்டாது" என்பார். ஒட்டாமல் போனது வேலை மட்டும்தான். இங்கே திறந்த படத்தை அங்கே தேடுவார். கிடைக்காவிட்டால், "சிஸ்டம் தின்னுடுச்சு மச்சான்." ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

வீட்டிலும் இதே பிழைப்பு. "குழாய் ஒழுகுதே, ஆளுக்குச் சொன்னீங்களா?" என்று தங்கை கேட்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்த அறைக்கு நழுவுவார். அங்கேயும் போய்க் கேட்டால் மொட்டைமாடி. அறைக்கு அறை ஆறிப்போன டீயைப் பொறுக்கிக்கொண்டு அவள் புலம்புவாள்: "இவர எந்த ரூம்லண்ணே தேடறது?"

போன மாதம் ஒரு விசிட்டிங் கார்டில் போன் நம்பரை மாற்றிப் போட்டார். "இன்னொரு தப்பு வந்துச்சுன்னா வேற இடம் பாத்துக்கங்க" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி தங்கை போனில் அழுதாள். "கொஞ்சம் பாத்துக்கண்ணே. இதுவும் போச்சுன்னா யாரு இவர வச்சுக்குவாங்க?" நியாயமான கேள்வி.

அப்புறம் வந்தது டயர் கடை காலண்டர். பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டிருந்தார். முதலாளி சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை திருத்தவும் செய்தார், இரண்டாம் மேசையில். பழைய பக்கம் முதல் மேசையில் அப்படியே திறந்து கிடந்தது. அச்சுக்கான பிளேட் போட அவர் அனுப்பியது அதைத்தான். பிளேட் வந்தது, ஓட்டினேன். மெஷின்காரன் மையைப் பார்ப்பானே தவிர, மாதத்துக்கு எத்தனை நாள் என்றா எண்ணுவான்?

பண்டல் கட்டும்போது முதலாளி ஒரு தாளை உருவினார். நேரே போய் மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"எந்த ஊருலய்யா பிப்ரவரிக்கு முப்பது நாளு?"

"அது திருத்தியாச்சு சார். இருங்க, காட்டறேன்."

டக். சதுரங்கம், பாதி ஆட்டத்தில். டக். பாட்டுப் பட்டியல். டக். ஒருவழியாக வந்தது அந்த பிப்ரவரி. மாப்பிள்ளை முகத்தில் பரீட்சையில் முதலாக வந்த களை.

"பாருங்க சார், இருபத்தெட்டு!"

முதலாளி கையிலிருந்த தாளைக் கீபோர்டின் மேல் விரித்து வைத்தார்.

"உள்ள இருக்கறது யாருக்கு வேணும்? பண்டல்ல இருக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. இல்ல, எந்திரிங்க."

மாப்பிள்ளை எழுந்தார். என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த இடது கை மெல்லத் தொடைக்கு நகர்ந்தது. பேன்ட் துணியின் மேல் இரண்டு விரல் அழுந்தின. வலது தொடையில் ஒன்று.

முதலாளி அங்கேயே நின்றார்.